மீட்டெடுக்கத் தகுந்த நிலையில்

'மீட்டெடுக்கத் தகுந்த நிலையில்' என்று சாரு விற்பனை விளம்பரத்தில் எழுதியிருக்கிறாள். பெங்களூரில் எட்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஏழு மாதமாக இந்த ஷெட் பக்கமே வராமல், என் மகள் அப்படி எழுதியிருக்கிறாள். அறுபத்து நாலாம் வருடத்து இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கூப்பே, இரண்டு கதவு, இரண்டு சீட், இருபத்தொன்பது வருடம் ஒரே ஆர்வலரின் பராமரிப்பில், எண்பது சதவீத வேலை முடிந்தது, மீட்டெடுக்கத் தகுந்த நிலையில். போனில் வாசித்துக் காட்டியபோது அந்த ஆர்வலர் என்ற வார்த்தையில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏம்மா சிரிக்கறே என்றாள். உங்கப்பாவுக்கு இப்படி ஒரு பேர் இருக்கறது எனக்குத் தெரியாது என்றேன். வண்டியைப் பார்க்கப் பத்து மணிக்கு வருவதாக இருந்த ஈரோட்டுக்காரர் பத்து நாற்பது ஆகியும் வரவில்லை. ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். வெயில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறி உள்ளே ஆயில் வாசனையைக் கிளப்பிவிட்டிருக்கிறது. ஆயில், துரு, பழைய ரெக்சின், எலிப் புழுக்கை. இந்த வாசனையோடுதான் என் கணவர் சாப்பாட்டுக்கு வந்து உட்காருவார். சோப்பு போட்டு மூன்று முறை கழுவினாலும் நகக்கண்ணில் கருப்பு இருக்கும், அந்த விரலால் சோற்றைப் பிசைவதைப் பார்க்காமல் இருக்க நான் அடுப்பைப் பார்ப்பேன். இப்போது யாரும் அப்படிப் பிசைவதில்லை. தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறேன். அதில் ஒரு சந்தோஷமும் இல்லை, ஏன் இல்லை, இருக்க வேண்டும் அல்லவா. கார் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, முன் விளக்கு இரண்டும் கழற்றப்பட்ட குழிகளோடு. எத்தனை சின்னது. ஒரு மாட்டுக்கொட்டகையில் ஒரு கன்றுக்குட்டி படுக்கும் இடம்கூட இதற்கு வேண்டாம். இவ்வளவு சின்ன ஒன்று ஒரு வீட்டை இப்படி நிறைத்துக்கொள்ள முடியும் என்று கல்யாணமான புதிதில் யாராவது சொல்லியிருந்தால், கணக்கு டீச்சர் நான், கன அளவு போட்டு அதெல்லாம் நடக்காது என்று நிரூபித்திருப்பேன்.

இவர் மூன்றாவது ஆள். முதலில் வந்தவன் சேலத்துப் பையன், காதில் கடுக்கன், வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, ஸ்டேரிங்கும் மீட்டரும் மட்டும் குடுங்க ஆன்ட்டி, மத்தத நீங்களே வெச்சுக்கங்க என்றான். மத்ததை நான் என்ன செய்வது? இரண்டாவது ஆள் சினிமாக் கம்பெனியிலிருந்து. வெள்ளைச் சட்டை, பேச்சில் அவ்வளவு பணிவு. ஒரு காட்சியில் வண்டி எரியணும்மா, ஓட வேண்டியதில்லை, பார்க்கப் பழசா இருந்தாப் போதும் என்றார். எரியணுமா என்று கேட்டேன். ஆமாம்மா, பெட்ரோல் ஊத்தி முழுசா. அவர் போன பிறகு வெகுநேரம் நான் இதே இடத்தில்தான் நின்றேன். இந்தச் சின்ன நீல வண்டி ஏதாவது பொட்டல் காட்டில் நின்று எரிவதையும், கண்ணாடி வெடிப்பதையும், அந்த நீலப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புவதையும் நினைத்துப் பார்த்தேன். வாயில் இனிப்பு ஊறியது. அப்படி ஊறியதில் பயந்தும் போனேன். சாருவிடம் சொன்னேன். அம்மா, அப்பாவை மறுபடி கொளுத்தற மாதிரி இருக்கு, வேண்டாம் என்றாள். அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது, அவர் எங்கே இருந்தார் என்று. தை மாதம் அவர் போன அன்று, கூடத்தில் ஐஸ் பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தபோது, பழைய கார்க்காரர்கள் சங்கத்திலிருந்து நாலு பேர் வந்தார்கள். மாலையைப் போட்டார்கள். இரண்டு நிமிடம் நின்றார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்கள். அங்கே அரை மணி நேரம் இருந்தார்கள். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது, எஞ்சின் பிளாக்கை எவ்வளவு அழகா ரீபோர் பண்ணி வெச்சிருக்கான் பாரு, என்ன பொறுமை, என்ன பொறுமை. என் கணவரின் பொறுமையைப் பற்றி நான் கேட்ட ஒரே இரங்கல் உரை அதுதான். போகும்போது அவர்களில் மூத்தவர் என் பக்கம் குனிந்து, கார் என்னங்க ஆகும் என்றார். நான் என்ன ஆவேன் என்று அன்று யாருமே கேட்கவில்லை.

ஆறு மாசம். அதுதான் அவர் சொன்னது. தொண்ணூற்றைந்தில் வால்பாறையில் ஒரு எஸ்டேட் மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது சாமான்களை விற்றார், அதில் இது கிடந்தது, மழையில் நனைந்து, சீட்டுக்குள் கோழி முட்டையிட்டு. பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்த என் கணவர் ஜெகதீசன் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து சிங்காநல்லூர் வீட்டு வாசலில் இறக்கினார். சாருவுக்கு அப்போது ஏழு வயது. குதித்தாள். எனக்கு முப்பத்து நாலு. நானும் குதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ரேணு, ஆறு மாசத்துல ஓடும், நீயும் நானும் இதுல ஊட்டி மலை ஏறறோம், ரெண்டே சீட்டு, யாரையும் கூட்டிட்டுப் போக முடியாது என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது, ஒரு பெண் எவ்வளவு மலிவாக மடங்கிவிடுகிறாள். ஆறு மாசம் கழித்து இன்னொரு ஆறு மாசம். கேஸ்கட் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். வந்தது, அளவு தப்பு. மறுபடி. இரண்டாயிரத்து ஒன்றில் எனக்கு உடுமலையில் தலைமையாசிரியை உத்தரவு வந்தது. அரசுப் பெண்கள் பள்ளி, எண்ணூறு பிள்ளைகள், பெரிய வேப்பமரம், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். அங்கேயே வீடு பார்த்துக்கொள்ளலாம், அவருக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். ஷெட்டுக்குப் போய் உத்தரவைக் காட்டினேன். கையில் எண்ணெய் என்பதால் தொடாமல் படித்தார், தலையைச் சாய்த்து, ஏதோ பார்ட்ஸ் கேட்டலாக் படிக்கிற மாதிரி. ரொம்ப நல்லது ரேணு என்றார். பிறகு தரையைக் காட்டினார். எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டிருக்கேன், இப்ப எடுத்தா எது எங்கேன்னு போயிடும், ஒரு ஆறு மாசம் பொறு. அரசாங்கம் ஆறு மாசம் பொறுக்காது என்றேன். அப்ப உன் இஷ்டம் என்றார். என் இஷ்டம்! பதவி உயர்வைத் துறப்பதாக என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். துறப்பது, எவ்வளவு பெரிய வார்த்தை, சாமியார்களுக்கு உரியது. எனக்கு அடுத்த இடத்தில் இருந்த பாக்கியவதி போனாள், வேப்பமரத்தடியில் நின்று எடுத்த போட்டோவை அனுப்பினாள். நான் ஐம்பத்தெட்டு வயது வரை ஒன்பதாம் வகுப்புக்கு முக்கோணம் போட்டேன். ஏன் போகவில்லை? சாருவைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போயிருக்கலாம். யாரும் கட்டிப்போடவில்லை. இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு நின்றுவிடும், நாற்காலிக் கால் தரைக் குழியில் சிக்குகிற மாதிரி, இழுத்தால் வராது. கார்தான் காரணம் என்று சொல்லி இழுத்தால் உடனே வந்துவிடும். இருபது வருடமாக அப்படித்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன். இன்று இதைக் கொண்டுபோய்விட்டால் நாளைக்கு எதைச் சொல்லி இழுப்பது?

அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் நிற்கின்றன, நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திருகாணி, கொஞ்சம் போல்ட்டு, வெள்ளைத் தாளில் அவருடைய குண்டு குண்டான எழுத்து. இடது கதவு, மேல் கீல், இரண்டு. வைப்பர் மோட்டார், சின்னது, பத்திரம். போனட் ரப்பர், எலி கடித்தது, மாற்று வேண்டும். எனக்கு ஒரு கடிதம் எழுதியவர் இல்லை. பள்ளி டூரில் கன்னியாகுமரி போனபோதும், என் அம்மா இறந்து நான் பொள்ளாச்சியில் பதினாறு நாள் இருந்தபோதும் ஒரு வரி கிடையாது. போன வாரம் இந்தப் பாட்டில்களைத் துடைத்து அட்டைப்பெட்டியில் வைக்க வந்தவள் வைக்காமல் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நின்றேன், என் பெயர் எதிலாவது இருக்குமா என்று. சிரிக்காதே. யாரைச் சொல்கிறேன், சிரிக்க யார் இருக்கிறார்கள். 'பத்திரம்' என்று எழுதியிருந்த பாட்டிலை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன், உள்ளே மூன்று திருகாணி, ஒரு வாஷர். பத்திரம் என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லையா? சொல்லியிருப்பார். சாலையைக் கடக்கும்போது, கேஸ் சிலிண்டர் மாற்றும்போது. சொல்லியிருக்க வேண்டும். ஞாபகம் வரவில்லை. வராததற்கு நானும் காரணமாக இருக்கலாம், ஒரு கட்டத்துக்கு மேல் அவர் பேசினால் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். சாப்பிடலாமா என்பேன், வர்றேன் என்பார், அவ்வளவுதான் எங்கள் பேச்சு, ஒரு நாளைக்கு மூன்று வேளை.

வாசலில் வண்டி நின்ற சத்தம். எழுந்து கேட்டைத் திறந்தேன். வெள்ளை நிறச் சின்னக் கார், ஓட்டிவந்தவள் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், பருத்திச் சேலை, தலையில் வாடிய முல்லை. பக்கத்து சீட்டிலிருந்து அவர் இறங்கினார். நாற்பதைத் தாண்டியவர், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டு, கையைத் தொங்கவிட்டபடி நிற்கிற ஆள். லேட்டாயிருச்சுங்கம்மா, மன்னிச்சுக்கங்க, பெருமாநல்லூர்ட்ட ஒரே ட்ராபிக்குங்க என்று அவள்தான் பேசினாள். நான் சுபத்ரா. இவரு எங்க வீட்டுக்காரர், அருள்மணி. அவர் கும்பிட்டார். வாங்குகிறவர் இவரா, அவளா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஷெட்டைக் காட்டினேன். உள்ளே போனவர் நேராக வண்டிக்குப் போகவில்லை. வாசலிலேயே கொஞ்சம் நின்றார், கண் இருட்டுக்குப் பழகட்டும் என்பது போல. அப்புறம் குந்தி உட்கார்ந்து, முன் சக்கரத்துக்கு மேலே துருப்பிடித்துப் பொத்தலான தகரத்தை விரலால் தடவினார். துரு உதிர்ந்தது. உதிர்ந்ததை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். ஜெகதீசனும் இப்படித்தான். இதே உட்காரல், இதே விரல், ஆஸ்பத்திரியில் குழந்தை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. இந்தப் பெண்ணின் இருபத்தொன்பது வருடம் என் கண் முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறது. சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே தீர்மானித்தேன். விற்காமல் போனாலும் சரி. சினிமாக்காரருடைய நம்பர் இன்னும் இருக்கிறது. நீங்க பாருங்க, அம்மிணி உள்ள வரட்டும், காபி போடறேன் என்றேன். அவர் நிமிரவேயில்லை. சரிங்கம்மா என்று அவள் என் பின்னால் வந்தாள்.

பாலை அடுப்பில் வைத்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து ஷெட் வாசல் தெரியும், அவருடைய முதுகு தெரிந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று நான் டிகாஷனை இறக்கிக்கொண்டிருக்கும்போது அவள் முந்திக்கொண்டாள். ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா? கேளும்மா. விளம்பரத்துல எம்பது பர்சன்ட் வேலை முடிஞ்சுதுன்னு போட்டிருந்துச்சு. அது நெசந்தானுங்களா? வந்தது சரியான இடம் என்று நினைத்தேன். இல்ல கண்ணு, நான் பொய் சொல்ல மாட்டேன் என்றேன். என் பொண்ணு ஆசைக்கு எழுதினது. எதுவும் முடியல. இது முடியாது. எங்க வீட்டுக்காரர் இருபத்தொம்போது வருஷம் பார்த்தார், முடியல. உன் புருஷன் ஆறு மாசம்னு சொல்லுவார், நம்பாதே. உன் சம்பாத்தியம், உன் ஞாயித்துக்கிழமை, நீ எங்கயாச்சும் போகணும்னு நினைச்சா அது, எல்லாம் அந்த ஷெட்டுக்குள்ள போயிடும். நீ ஜன்னல்ல நின்னு முதுகைப் பாத்துட்டே கெழவியாயிடுவே. கூட்டிட்டுப் போயிரு. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, நான் அணைக்கவில்லை, அவள் எட்டி அணைத்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. பயம் இல்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள், அப்பாடா என்கிற மாதிரி. அப்ப ஓடாதுங்கல்ல? கண்டிப்பா ஓடாதுங்கல்ல? ஓடாது என்றேன். அது போதுமுங்கம்மா என்றாள். கரித்துணியை எடுத்து அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், இன்னொருத்தர் வீட்டு அடுப்பை அப்படித் துடைக்கிறவளை நான் பார்த்ததில்லை. போன வருஷம் ஆனியில அவரும் அவரு தம்பியும் கொடுமுடிக்குப் போயிட்டு வந்தாங்க. இவருதான் வண்டிய ஓட்டுனாரு. லாரி ஒண்ணு திடீர்னு நின்னிருச்சுங்க. இவருக்குக் கீறல்கூட இல்ல. பக்கத்துல உக்காந்திருந்த தம்பி போயிட்டான். இருவத்தாறு வயசு. அன்னிலேர்ந்து இவரு ஸ்டேரிங்கத் தொடல. பைக்கும் இல்ல. சாயப்பட்டறைக்கும் போறதில்ல. செவுத்தப் பாத்து உக்காந்திருப்பாரு. நான் வண்டி பழகி, நாந்தான் எல்லாத்துக்கும் போறேன். போன மாசம் போன்ல இந்தப் போட்டோ வந்துச்சு, அத ஒரு மணி நேரம் பாத்தாரு. இது ஓடாத வண்டின்னாரு. பதினாலு மாசத்துல அவராப் பேசுன மொத வார்த்த அதுதானுங்க. முடியாம இருந்தா நல்லதுங்கம்மா. முடியாமயே இருக்கட்டும். காலைல எந்திரிச்சா அவருக்குப் போறதுக்கு ஒரு எடம் வேணும், அவ்வளவுதான்.

காபியை அவள் கையில் கொடுத்தேன். அவருக்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் ஷெட்டுக்குப் போனாள். நான் போகவில்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், அவள் மேலேதான் இருக்க வேண்டும், இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாளே. அவளுக்குத் தன் புருஷன் எதற்குப் பயந்து அந்தத் தகரத்துக்குள் புகுந்துகொள்ளப் போகிறான் என்று தெரிந்திருக்கிறது. தேதி தெரியும், ஊர் தெரியும், போனவன் வயது தெரியும். என் ஆளுக்கு என்ன? அவருக்கு எந்தத் தம்பியும் சாகவில்லை. எந்த லாரியும் நிற்கவில்லை. அப்போதுதான் அந்த நாள் வந்தது, வரக்கூடாது என்று நான் மேலே எவ்வளவோ சாமானை அடுக்கி வைத்திருந்த நாள். இரண்டாயிரத்து நாலு, ஐப்பசி, ஒரு ஞாயிறு, மணி பன்னிரண்டு இருக்கும். எஞ்சின் ஓடியது. ஆமாம், ஓடியது. நான் அவளிடம் ஓடாது என்று சொன்னது முழு உண்மை இல்லை. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன், திடீரென்று பாத்திரமெல்லாம் அதிர்ந்தது, ஓடிப்போய்ப் பார்த்தால் வண்டி உறுமிக்கொண்டிருக்கிறது, புகை, சாரு கைதட்டுகிறாள், அவர் பம்பருக்கு முன்னால் நிற்கிறார். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சத்தம் போட்டுக் கேட்டேன், அப்ப நாளைக்கு ஊட்டியா என்று. ஒன்பது வருடம் கழித்தும் எனக்கு அதுதான் வந்தது பாருங்கள் வாயில். அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தைத்தான் நான் அடுக்கி மூடிவைத்திருந்தேன். பரீட்சை மணி அடித்த பிறகும் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருக்கிற பையனின் முகம், எனக்கு அது நன்றாகத் தெரியும், முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். சத்தம் சரியில்ல ரேணு, வால்வுல ஏதோ இருக்கு என்றார். மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது எஞ்சினைக் கழற்றித் தரையில் பரப்பியிருந்தார், ஒவ்வொன்றுக்கும் பாட்டில், ஒவ்வொன்றுக்கும் சீட்டு. அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை. பைத்தியம் என்று நினைத்தேன். பர்ஃபெக்‌ஷன் என்று அவருடைய நண்பர்கள் சொன்னார்கள். இந்த ஈரோட்டுப் பெண் என் அடுப்பைத் துடைத்துக்கொண்டே அதற்குச் சரியான பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். முடிந்திருந்தால் அவர் ஷெட்டை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். வந்து கையைக் கழுவிக்கொண்டு இந்த வீட்டுக்குள், என்னோடு, நாள் முழுக்க இருந்திருக்க வேண்டும். இரண்டே சீட், யாரையும் கூட்டிக்கொண்டு போக முடியாது. காலையில் எழுந்தால் என்னிடமிருந்து விலகிப் போவதற்கு அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு டீச்சருக்கு இருபது வருடம், அதுவும் இன்னொருத்தி கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. கை கழுவினேன். மறுபடி கழுவினேன்.

விலையைச் சுபத்ராவே பேசி முடித்தாள். காரை ஏற்றிப்போக அவள் சொல்லி வைத்திருந்த ரெக்கவரி வண்டிக்காரர் பதினொன்றரைக்கு லாரியோடு வந்தார். எதிர் வீட்டில் மாடி எடுக்கிறார்கள், சாலையில் பாதிக்கு மணலைக் கொட்டியிருக்கிறார்கள், அதனால் அவரால் லாரியைத் திருப்பிக் கேட்டுக்குள் விட முடியவில்லை. வெளியதான் நிப்பாட்டணும், தள்ளிட்டு வந்திருங்க, நான் அங்கேர்ந்து கயிறு போட்டு ஏத்திக்கறேன் என்றார். அப்புறம் அருள்மணியைப் பார்த்து, சார், நீங்க உள்ள உக்காந்து ஸ்டேரிங்கப் புடிச்சுக்கங்க, நானும் அம்மாவும் தள்றோம் என்றார். அருள்மணி தரையைப் பார்த்தார். காதோரம் வேர்வை இறங்கியது. அவரு தள்ளட்டுங்க என்று சுபத்ரா அவசரமாகச் சொன்னாள். அப்ப யாரு புடிக்கறது, கோணலா வந்தா தூண்ல முட்டிரும். நான் உக்காந்துக்கறேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? ஓட்டத் தெரிந்தவள் பக்கத்திலேயே நிற்க, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத நான். ஆனால் எனக்கு முழங்கால் வலி, தள்ள முடியாது. அந்த மனிதனின் காதோர வேர்வையைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. வண்டிக்காரர் கதவைத் திறந்துவிட்டார், நான் குனிந்து உள்ளே நுழைந்தேன், அவர் கதவை அடைத்தார். இருபத்தொன்பது வருடத்தில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. எவ்வளவு தாழ்வு, கிட்டத்தட்ட தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி, முன்னால் மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வயர்கள், கதவில் கண்ணாடி கிடையாது, உள்ளிருந்து திறக்கக் கைப்பிடியும் கிடையாது, அது ஏதோ ஒரு பாட்டிலில் இருக்கும். ஸ்டேரிங் மெல்லிசாக, மரத்தில், அவர் பிடித்துப் பிடித்து இரண்டு இடத்தில் பாலிஷ் போய் வழவழப்பாகியிருந்தது. அந்த இரண்டு இடத்தில் என் கையை வைக்கப் பிடிக்காமல் தள்ளி வைத்தேன். நேரா வெச்சுக்கங்கம்மா, ஒண்ணும் பண்ண வேண்டாம் என்று வண்டிக்காரர் பின்னாலிருந்து கத்தினார். அருள்மணி என் ஜன்னலோரச் சட்டத்தில் தோளைக் கொடுத்தார். கேட்டின் இடது கதவு தானாக மூடிக்கொள்ளும், சுபத்ரா முன்னால் ஓடி அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தள்ளினார்கள். முதலில் அசையவில்லை. பிறகு சக்கரத்துக்கு அடியிலிருந்து ஏதோ பிய்ந்த சத்தம், நகர்ந்தது, வெளிச்சம் முகத்தில் அடித்தது.

ஷெட்டிலிருந்து கேட்டுக்குச் சரிவு என்பது எனக்குத் தெரியும், தினமும் கோலத்துக்குத் தெளிக்கிற தண்ணீர் அப்படித்தான் ஓடும். அவர்களுக்குத் தெரியாது. பாதியில் வண்டி அவர்கள் கையை விட்டுத் தானாகப் போகத் தொடங்கியது. பிரேக்கப் புடிங்க என்று யாரோ, பிரேக் எங்கே இருக்கிறது, காலுக்கடியில் வெறும் இரும்புத் தண்டு, மிதித்தால் தொளதொளவென்று தரை வரை போயிற்று. ஸ்டேரிங் இடப்பக்கம் தானாக இழுத்தது. என் கை அதன் மேல் ஒட்டிக்கொண்டு அதன் கூடவே போயிற்று. நேர் எதிரே கேட்டுக் கதவு, அதைப் பிடித்துக்கொண்டு சுபத்ரா, வாயைத் திறந்தபடி, நகராமல். எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் வந்தது, இது இவளையும் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று. கத்தினேனா தெரியாது. ஜன்னல் வழியாக இரண்டு கை உள்ளே வந்தது. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன். என் கை மேலேயே ஸ்டேரிங்கைப் பற்றி, என் விரல் நொறுங்குகிற மாதிரி பற்றி, வலப்பக்கம் திருப்பினார், வண்டியோடு ஓடிக்கொண்டே, மூச்சு என் கன்னத்தில் பட, நேராப் போ நேராப் போ நேராப் போ என்று. என்னிடம் சொல்லவில்லை அதை, கொடுமுடியிலிருந்து அன்று வந்த அந்த வண்டியிடம்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கேட்டுக் கதவை உரசிக்கொண்டு வெளியே வந்தோம். சாலையைத் தாண்டினோம். எதிர் வீட்டு மணலில் மூக்கைச் செருகி வண்டி நின்றது.

மணல் சரிந்து போனட் மேல் கொஞ்சம் கொட்டியது. அவருடைய கை இன்னும் ஸ்டேரிங்கில் இருந்தது, அதை அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். மெதுவாக ஒவ்வொரு விரலாக எடுத்தார். அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார். சுபத்ரா ஓடி வந்தாள், செருப்பு ஒன்று கழன்று கேட்டருகிலேயே கிடந்தது. உனக்கொண்ணும் ஆகலயில்ல, உனக்கொண்ணும் ஆகலயில்ல என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், அவள் கால், கை, முகம் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அழுதார். நடுச்சாலையில், உச்சி வெயிலில், வண்டிக்காரர் பார்க்க, எதிர் வீட்டுக் கொத்தனார்கள் சாரத்தில் நின்று பார்க்க, நாற்பது வயது ஆம்பிளை வாய்விட்டு அழுதார். அவள் அவர் தலையைத் தன் வயிற்றில் அணைத்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள், அழுங்க, அழுங்க என்றாள், அவளும் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். வண்டிக்காரர் அவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனார். எட்டடி தூரத்தில் நான் அந்தக் குட்டி வண்டிக்குள், தரையோடு தரையாக, முழங்கால் ஸ்டேரிங்கில் இடிக்க, உட்கார்ந்திருந்தேன். இருபத்தொன்பது வருடத்தில் எங்களுக்குச் செய்யாததை இரண்டு நிமிடத்தில் இவர்களுக்குச் செய்துகொடுத்துவிட்டது இந்தத் தகரம். இரண்டு நிமிடம். எனக்கு ஜெகதீசன் மேல் வந்ததைவிடப் பெரிய ஆத்திரம் இந்தத் தகரத்தின் மேல் வந்தது, துரோகம் பண்ணிவிட்ட ஒரு சிநேகிதி மேல் வருகிற மாதிரி. விரல் வீங்க ஆரம்பித்திருந்தது. கதவைத் தள்ளிப் பார்த்தேன், உள்ளிருந்து திறக்க வழியில்லை, ஜன்னல் வழியே எட்டி வெளிப்பிடியை அழுத்த அந்த விரலால் முடியவில்லை. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட மனம் வரவில்லை. அழுகிறவர்களை நிறுத்தக் கூடாது, அதுவும் அப்படி அழுகிறவர்களை. நான் ஜெகதீசன் முன்னால் அப்படி அழுததில்லை. அவரும். ஒருவேளை யாராவது ஒருவர் ஒரு தடவை அழுதிருந்தால், ஷெட்டிலோ அடுக்களையிலோ. சரி, விடு. வெயில் கண்ணில் ஏறியது. கொத்தனார்களில் ஒருவர் என்னைக் கவனித்துவிட்டுக் கையைக் காட்டினார். சுபத்ரா திரும்பிப் பார்த்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து வெளிப்பக்கமிருந்து கதவைத் திறந்தாள். அய்யோ, உங்கள மறந்தே போயிட்டமுங்கம்மா என்றாள். பரவால்ல அம்மிணி, எனக்குப் பழக்கந்தான் என்று சொல்லி அவள் கையைப் பிடித்து எழுந்தேன்.